பசித்தவருக்கு இடும் சோறு யாருக்காக?

ஹொசே அந்த்ரேஸ் ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவில் பெயர் பெற்ற சமையல் வல்லுநர். வாஷிங்டன் முதலிய நகரங்களில் பல உணவகங்களை நடத்துபவர். 2010இல் ‘வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன்’ என்னும் நிவாரண அமைப்பை நிறுவினார். நிலநடுக்கமோ புயலோ போரோ, எது நேர்ந்தாலும் சில நாட்களுக்குள் அங்கே அடுப்பு மூட்டுவது அவ்வமைப்பின் வேலை. வசதியுள்ளவர் அன்னதானம் செய்வது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கந்தான். அந்த்ரேஸின் வாழ்க்கையில் ஆராயத்தக்கது, ஒரு பழைய அறக்கேள்வியை அவர் சமையற்கட்டில் வைத்தே எதிர்கொண்ட விதம். பசித்தவருக்கு இடும் உணவு இடுபவரின் புண்ணியத்துக்கா, உண்பவரின் உரிமைக்கா என்பது அந்தக் கேள்வி.

அவர் 1969இல் அஸ்தூரியாஸ் வட்டாரத்துச் சுரங்க ஊரான மியெரெஸில் பிறந்தார். பெற்றோர் இருவரும் செவிலியர். குடும்பம் பின்னர் கத்தலோனியாவுக்குக் குடிபெயர்ந்தது. விடுமுறை நாட்களில் தந்தை நண்பர்களைக் கூட்டிப் பாயேயா ஆக்குவார். அகன்ற தட்டைச் சட்டியில் இறைச்சியோ மீனோ காயோ சேர்த்துச் சமைக்கும் ஸ்பானிய அரிசிச் சோறு அது. சிறுவன் ஹொசேவின் வேலை, விறகு பொறுக்கித் தீயைப் பார்த்துக்கொள்வது. தானும் சட்டியைக் கிளற வேண்டும் என்று அடம்பிடித்த மகனிடம், தீயை ஆளக் கற்றுக்கொண்டால் எதையும் சமைக்கலாம் என்று தந்தை சொன்னாராம். அந்த்ரேஸ் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்த செய்தி இது. சமையற்பள்ளி, எல் புல்லி உணவகத்தில் ஃபெரான் அத்ரியாவிடம் பயிற்சி, கடற்படைச் சேவையில் பாய்மரக் கப்பற்பயணம் என்று இளமை கழிந்தது. 21 வயதில் நியூயார்க் வந்தார். 1993இல் வாஷிங்டனில் ‘ஹலேயோ’ உணவகத்தின் சமையற்பொறுப்பை ஏற்றார். பல பண்டங்களைச் சிறு தட்டுகளில் வைத்துப் பகிர்ந்துண்ணும் தாப்பாஸ் முறை அமெரிக்காவில் பரவியதில் அந்த உணவகத்துக்குப் பெரும் பங்குண்டு.

அவருடைய சிந்தனையைத் திருப்பியவர் அதே நகரில் இருந்த ராபர்ட் எக்கர். இரவு விடுதி நடத்திக்கொண்டிருந்த எக்கர், 1989இல் ‘டிசி சென்ட்ரல் கிச்சன்’ என்ற பொதுச் சமையற்கூடத்தைத் தொடங்கினார். விருந்துகளில் மிஞ்சும் உணவைத் திரட்டி இல்லாதவர்களுக்கு அனுப்புவதோடு அது நிற்கவில்லை. வேலையற்றவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் சிறையிலிருந்து மீண்டவர்களுக்கும் தொழில் கற்றுக்கொடுத்து உணவகங்களில் வேலைக்குச் சேர்த்துவிட்டது. ஈகை பெரும்பாலும் கொடுப்பவரின் மீட்சியைத்தான் தேடுகிறது, அது பெறுபவரின் விடுதலையைத் தேட வேண்டும் என்பது எக்கரின் வாதம். அங்கே தொண்டராகச் சேர்ந்த அந்த்ரேஸ் அதைத் தம் கொள்கையாகவே ஆக்கிக்கொண்டார்.

இந்த வாதம் சமய மரபின் ஒரு மெல்லிய இடத்தைத் தொடுகிறது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், பசித்தவருக்கு உணவளித்தவர் கிறிஸ்துவுக்கே அளித்தவராகக் கருதப்படுகிறார். இறுதித் தீர்ப்பும் அதைக் கொண்டே அமைகிறது. ஏழையை இறைவனுக்கு நிகராக உயர்த்தியது இதன் பெருமை. ஆனால் நடைமுறையில் ஏழை, கொடுப்பவர் சொர்க்கத்துக்கு ஏறும் படியாகிவிடும் ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடெஸ் இதை உணர்ந்தவர்போல் ஈகையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கொடுப்பவர் யாரென்று பெறுபவருக்கும், பெறுபவர் யாரென்று கொடுப்பவருக்கும் தெரியாமல் கொடுப்பது அவர் கணக்கில் இரண்டாவது படிதான். ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்தோ, கடன் தந்தோ, வேலை தேடிக்கொடுத்தோ கையேந்த வேண்டாத நிலைக்குக் கொண்டுவருவதே உச்சம்.

தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் இன்னும் கடுமையானவர். ஒருவரிடம் தானம் செய்யும் அளவுக்குச் செல்வம் இருப்பதே பெரும்பாலும் ஆட்சியின் அநீதியால் விளைந்தது. அப்படியிருக்க அதிலிருந்து கொடுப்பதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ளலாமா என்று 1797இல் கேட்டார். 20ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சிமோன் வெய்ல், மனிதர் மனிதருக்கு ஆற்ற வேண்டிய எல்லாக் கடமைகளுக்கும் பசித்தவருக்கு உணவளிப்பதையே முன்மாதிரியாக வைத்தார். கையில் உணவு இருந்தும் பசித்தவரை விட்டுவிட்டுப் போகிறவரை யாரும் குற்றமற்றவர் என்று சொல்லமாட்டார்கள்; மற்றக் கடமைகளின் வலிமையையும் அதைக் கொண்டே அளக்கலாம் என்பது அவர் எண்ணம்.

இந்தக் கடமையை அந்த்ரேஸ் நேரில் எதிர்கொண்டது ஹெய்ட்டியில். 2010 ஜனவரி 12 அன்று அந்நாட்டை நிலநடுக்கம் குலைத்தது. அதன்பின் அங்கு சென்ற அந்த்ரேஸ், ஒரு முகாமில் கறுப்பு பீன்ஸைத் தமக்குத் தெரிந்த முறையில் முழுசாக வேகவைத்தார். அங்கிருந்த பெண்களுக்கு அது ஒப்பவில்லை. ஹெய்ட்டியில் அதை மசித்து வடிகட்டி, கெட்டியான குழம்பாக்கிச் சோற்றில் ஊற்றித்தான் சாப்பிடுவார்கள். அவர்கள் சொல்லிக்கொடுக்க, பெயர்பெற்ற சமையற்காரர் மறுபடி கற்றுக்கொண்டார். பசித்தவருக்குக் கிடைத்ததைச் சாப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று நினைக்கும் நிவாரணம், அவர்களுடைய நாவை மறந்துவிடுகிறது. இப்படி வேண்டாம், அப்படி வேண்டும் என்று சொல்லும் உரிமை பெறுபவருக்கு இருக்கும்போதுதான் தானம் விருந்தோம்பலாகிறது. தத்துவ நூல்கள் தன்மானம் என்று பொதுவாகச் சொல்வது அந்தக் குழம்புச் சட்டியில் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது.

2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட போர்ட்டோ ரீக்கோ தீவைச் சூறையாடியபோது இந்தக் கொள்கைக்குப் பெரிய சோதனை வந்தது. தீவு முழுவதும் மின்சாரம் இல்லை. சான் ஹுவானில் உள்ளூர்ச் சமையற்கலைஞர் ஒருவரின் சிறிய உணவகத்தில், கிழங்கும் இறைச்சியும் சேர்த்துக் காய்ச்சும் சான்கோச்சோவில் வேலை தொடங்கியது. பிறகு நகரத்தின் பெரிய உள்ளரங்கத்துக்கு இடம் மாறியது. பெரும் பாயேயா சட்டிகளில் கோழிச்சோறு வெந்தது. தொண்டர்கள் வரிசையாக நின்று சாண்ட்விச் அடுக்கினார்கள். மொத்தத்தில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட வேளை உணவுகள் வழங்கப்பட்டன. சமைத்தவர்களும் கொண்டுசேர்த்தவர்களும் பெரும்பாலும் தீவின் மக்களே. அதே காலத்தில் அமெரிக்க அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பு 3 கோடி உணவுப் பொட்டலங்களுக்காக ஒரு தனி ஒப்பந்ததாரருக்கு 15.6 கோடி டாலர் ஒப்பந்தம் அளித்திருந்தது. வந்து சேர்ந்தவை 50,000. ஒப்பந்தம் பின்னர் ரத்தானது.

வெளியிலிருந்து பொட்டலம் கொண்டுவந்து கொட்டுவதைவிட, அந்த ஊர்க் கடையில் வாங்கி, அந்த ஊர்ச் சமையற்காரருக்குக் கூலி கொடுத்து, அந்த ஊர்ச் சுவையில் சமைப்பது என்பதே அந்த்ரேஸ் கண்ட வழி. 2020 கொரோனா முடக்கத்தில் மூடிக்கிடந்த உணவகங்களுக்குப் பணம் கொடுத்து ஏழைகளுக்குச் சமைக்கச் சொன்னதும் இதே முறை. மைமோனிடெஸின் உச்சப் படிக்கு இது முழுவதும் எட்டவில்லை என்றாலும் அதன் பக்கத்தில் நிற்கிறது. உணவகத் தொழிலில் ஊறியவருக்கே தோன்றக்கூடிய வழி இது என்றும் சொல்ல வேண்டும். சரக்கு எங்கே கிடைக்கும், எத்தனை பேருக்கு எத்தனை படி அரிசி, எந்த வேன் எந்நேரம் புறப்பட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அன்றாடக் கணக்கு.

இதற்கு மறுப்புகளும் உண்டு. சூடான ஒரு வேளைச் சாப்பாட்டின் செலவில் அரிசி மூட்டையாக வாங்கினால் இன்னும் பலர் உண்ணலாமே என்பது ஒன்று. அடுப்பும் தண்ணீரும் விறகும் போன இடத்தில் அரிசி மூட்டை உணவாகாது என்பதே அதற்குப் போதுமான பதில். இரண்டாவது மறுப்பு ஆழமானது. பஞ்சம் பெரும்பாலும் உணவு இல்லாததால் வருவதில்லை, உணவைப் பெறும் தகுதியை மக்கள் இழப்பதால் வருகிறது என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் நிறுவினார். அவர் எடுத்துக்காட்டியவற்றுள் முதன்மையானது 1943 வங்கப் பஞ்சம். அப்படியானால் பசியின் வேர் அரசியலில் இருக்கிறது. சமையற்கூடம் அதைப் பிடுங்க முடியாது. அந்த்ரேஸும் இதை மறுப்பதில்லை. 2023இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உணவுக் கொள்கை ஆய்வுக்கான நிறுவனம் ஒன்று அமைய அவர் முன்னின்றது அதனால்தான்.

போரில் சிக்கிய காஸாவில் சமையற்கூடத்தின் அந்த எல்லை கொடூரமாக வெளிப்பட்டது. 2024 மார்ச்சில் அவருடைய அமைப்பு, இடிபாட்டுக் கற்களைக் கொண்டு தற்காலிகத் துறையமைத்து, சைப்ரஸிலிருந்து கடல்வழியே சுமார் 200 டன் உணவைக் கொண்டுசேர்த்தது. ஏப்ரல் 1 அன்று டெயிர் அல்பலா கிடங்கில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டிகளை இஸ்ரேலிய ராணுவம் தாக்கியது. அமைப்பின் பணியாளர் ஏழு பேர் இறந்தனர். இது கடுமையான தவறு என்று ராணுவம் பின்னர் ஒப்புக்கொண்டது. சார்பற்ற விசாரணை வேண்டும் என்று அமைப்பு கோரியது.

பணி நிறுத்தப்பட்டது. தொடர்ந்தால் இன்னும் உயிர்கள் போகலாம். நிறுத்தினால் பசி கொல்லும். கடமை என்று வெய்ல் சொன்னதற்கு, செய்பவரின் உயிர்வரை நீளும் கட்டாயம் உண்டா என்ற கேள்விக்குப் பொதுவிடை கிடையாது. அவரவர் தமக்காக மட்டுமே முடிவெடுக்கலாம், பிறரை அனுப்பி முடிவெடுப்பது வேறு. அமைப்பு அந்த மாதக் கடைசியில் காஸாவில் மறுபடி சமைக்கத் தொடங்கியது. அடுப்பின் முன் நின்றவர்கள் பெரும்பாலும் பாலஸ்தீனர்கள்.