முகமில்லாத சாவு

'உயிர்ப் பாறை' என்ற பெயரிலேயே கொஞ்சம் ஏமாற்று இருக்கிறது. பவளத் திட்டிலிருந்து உடைந்த சுண்ணாம்புக் கல். பவளம் எப்போதோ செத்தாயிற்று. துளைகளில் குடியேறிய கடற்பஞ்சு, புழு, பாசி, நுண்ணுயிர் இவற்றை வைத்துத்தான் 'உயிர்'.

புதிதாகக் கடல்மீன் தொட்டி வைப்பவர்கள் முதலில் இந்தக் கல்லைப் போட்டுவிட்டு, மீன் விடாமல் 4 முதல் 6 வாரம் காத்திருக்கிறார்கள். புதுத் தண்ணீரில் மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்ன ஆளில்லை. அந்த ஆட்கள் பெருக வேண்டும். ஈரத் தாளில் சுற்றி வரும் வழியிலேயே கல்லில் பல உயிர்கள் செத்துவிடுகின்றன. அவை அழுக, அம்மோனியா ஏறுகிறது. ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக்க, மற்றொன்று நைட்ரேட்டாக்குகிறது. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி மண்ணில் கண்ட அதே இரண்டு கட்டங்கள்.

முன்பு இந்த வேலைக்கு டாம்ஸல் மீன்களை விட்டார்கள். மலிவு, கெட்டி உயிர். நஞ்சில் திணறித் தொட்டியைப் பழக்கும். பிழைத்தால் அதன் பாடு. கொடுமை என்று பலரும் இதைக் கைவிட்டது நியாயமே. ஆனால் அத்துடன் தங்கள் கை சுத்தமாகிவிட்டது என்று அவர்கள் நினைப்பதை என்னால் ஒப்ப முடியவில்லை. கண்ணும் வாயும் உள்ள ஒன்றின் சாவு, முகமற்ற பலவற்றின் சாவாக மாறியிருக்கிறது. நம் பிரக்ஞை முகத்தைக் கண்டால்தான் விழிக்கும் போலும்.

கடற்பஞ்சுக்கு நரம்பே கிடையாது என்பார்கள். வாஸ்தவம். எல்லாச் சாவும் ஒரே எடையென்று நானும் சொல்லவில்லை. எடைபோட்டுக் குறைவென்று தள்ளலாம். தராசிலேயே வைக்காமல் தள்ளுவதுதான் உறுத்துகிறது. தொட்டிக்காரர் தினமும் அம்மோனியாவை அளந்து குறித்துக்கொள்கிறார். அந்த எண் செத்தவற்றின் கணக்கு என்று அவருக்குத் தோன்றுவதில்லை.

அவசியம் என்ற சமாதானமும் நிற்காது. காய்ந்த கல்லைப் போட்டு, புட்டியிலிருந்து அம்மோனியம் குளோரைடு விட்டாலும் காரியம் நடக்கும். இருந்தும் உயிர்ப் பாறையைத் தேடுகிறார்கள். கேளாமல் வரும் விருந்தாளிகளின் மேல் ஆசை: ஒரு நாள் ஒரு துளையில் யாரும் வாங்கிவைக்காத குழாய்ப்புழு விசிறி விரிக்கும். (வேண்டாத நண்டு தலைகாட்டினால் இடுக்கியோடு அலைவதும் இதே ஆட்கள்தான்.) இந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதற்கு விலை உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டால் போதும்.

2005இல் ஸியாட்டில் மீன் காட்சிசாலையின் ஒரு கடல்நீர்த் தொட்டியிலிருந்து அம்மோனியா தின்னும் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார்கள். பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற வேறு குலம். அதுவரை அந்தத் தொட்டியின் வேலையெல்லாம் பாக்டீரியாவின் பேரில்தான் எழுதப்பட்டிருந்தது.