கொடுப்பவர் யார்?

இருப்பவன் தன் கைப்பொருளை எடுத்து இல்லாதவனுக்கு வழங்குவதே ஈகை. அப்படியாயின் அரசு ஈகை செய்ய முடியுமா? அரசுக்கென்று உழுத நிலமுண்டா, ஓட்டிய தறியுண்டா? திருப்பூர்ப் பின்னலாடைக் கூடத்திலே கைமடிக்கும் பெண் வாங்கும் சோப்புக் கட்டியிலும், சோமனூர் விசைத்தறிக்காரர் நிரப்பும் பெட்ரோலிலும் வரி இருக்கிறது. அந்த வரிதான் அரசின் கருவூலம். அரசு வெறும் அகப்பை! அகப்பை, தானே விருந்தோம்பியதாக மார்தட்டுமோ? இதை மறந்துவிட்டு, அயல்நாட்டு உதவி என்னும் பெயரால் நடப்பனவற்றை எடைபோட இயலாது.

2022 மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் 9,000 டன் அரிசி, 200 டன் பால்மா, 24 டன் மருந்து. 26 ஆண்டுக்காலப் போரின் புண் ஆறாத அந்தத் தீவு, பொருளாதாரம் நொறுங்கிப் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற நேரம் அது. மொத்தம் 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்துகளும் அனுப்பத் தமிழ்நாட்டரசு முன்வந்திருந்தது.

"நம்ம ஊர்லயே இல்லாதவங்க இருக்கறப்ப, அங்கெதுக்குங்க அனுப்போணும்?" என்று கோவைத் தேநீர்க் கடைகளில் கேட்டோர் உண்டு. இக்கேள்விக்கு விடை எளிது: இங்கே இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டாமென்று அந்தக் கப்பல் எவரையும் தடுக்கவில்லை. கனமான கேள்வி மற்றொன்று. முள்ளிவாய்க்காலில் நம் இனத்தைக் கொன்று குவித்த நாட்டுக்கா நம் அரிசி?

இக்கேள்வியில் உள்ள வேதனையை நான் இகழமாட்டேன். ஆனால் சினத்தின் முகவரி தவறாகிவிடக் கூடாது. குண்டு வீச ஆணையிட்டவன் பால்மா வரிசையில் நிற்பதில்லை. அம்பாந்தோட்டையில் 2009-க்குப் பின் பிறந்த சிங்களக் குழந்தை எந்தப் போரை நடத்தியது? தகப்பன் குற்றத்துக்கே பிள்ளையைத் தண்டிப்பது அறமன்று என்கிறோம். ஆட்சியாளன் குற்றத்துக்கு ஆரோ ஒருவரின் பிள்ளையைப் பட்டினி போடுவது எந்த நீதி? பிறப்பைக் கொண்டு ஒருவனைத் தாழ்ந்தவன் என்று தள்ளிய கொடுமையை எதிர்த்து வளர்ந்த நாம், பிறப்பைக் கொண்டே பசியைப் பங்கிடலாமா? தமிழருக்கு மட்டும் என்னாமல் எல்லாருக்கும் உதவுங்கள் என்று அங்குள்ள தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டதை 2022 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் எடுத்துரைத்தார். அடிபட்டவன் வாயிலிருந்து அச்சொல் வந்ததே, அதற்கு மேல் நாம் வழக்காட என்ன இருக்கிறது?

டில்லியின் உதவியோ வேறு வகை. போரால் வீடிழந்தோருக்கும் மலையகத் தொழிலாளருக்கும் 50,000 வீடுகள் என்று 2010-இல் அறிவித்தது. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் தவணை தவணையாக வங்கிக் கணக்கிலேயே சேர்ந்தது. அவரவர் வீட்டை அவரவரே கட்டிக்கொண்டனர். ஒப்பந்தக்காரன் கட்டிய கூண்டுக்குள் குடியேறுவதைவிட இது மேல். பெறுபவனைப் பிச்சைக்காரனாக்காத முறை, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 2009 மே 27 அன்று ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்தில், இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை உயர்த்தியதும் இதே இந்தியாதான். நீதி கேட்டவனுக்கு நீட்ட மறுத்த கை, பின்னர் செங்கல்லுக்குப் பணம் நீட்டினால், அது ஈகையா, தீராத கடனில் ஒரு தவணையா? கடன் என்பேன். கடனைக் கொடுப்பவன் நன்றியை எதிர்பார்க்க முடியாது.

அக்கரையை விடுவோம். கோவைக்கு அருகே பூலுவப்பட்டியிலும், ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகரிலும் ஈழத்தமிழர் முகாம்கள் உள்ளன. 2021 ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் போய் 'மறுவாழ்வு முகாம்' ஆயிற்று. 317 கோடி ரூபாயில் திட்டங்கள், தமிழகமெங்கும் உள்ள முகாம்களில் 7,469 வீடுகளைப் புதுப்பித்துக் கட்டும் ஏற்பாடு, குழந்தைக்கு மாதம் 400 ரூபாயாக இருந்த உதவித்தொகை 500 ரூபாய் என்று அறிவிப்புகள் வந்தன. நல்லவை, இன்னும் முன்னரே வந்திருக்க வேண்டியவை.

ஆயினும் அந்தக் குழந்தை யார்? இந்த மண்ணிலே பிறந்தது. நொய்யல் கரையிலும் பவானிக் கரையிலும் ஓடி விளையாடியது. நம் பள்ளியிலே நம் பாடத்தையே படித்தது. சட்டமோ, 1987 ஜூலைக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாய் இருக்க வேண்டும் என்கிறது. 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவருக்கு இன்னும் இறுக்கம். 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இடம்பெற்றன, இலங்கை இடம்பெறவில்லை. என்ன கணக்கோ!

சோறு கொடுத்தோம், கூரை கொடுத்தோம், இன்னும் என்ன கேட்கிறார்கள் என்று நல்லவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உதவி, கொடுப்பவன் மனம் மாறினால் நின்றுவிடும். உரிமை அப்படி நிற்காது. வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் ஒரு வாழ்வு முழுவதும் அந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. பட்டம் பெற்ற முகாம் இளைஞன் அரசு வேலைத் தேர்வுக்கான விண்ணப்பத்தை எடுத்தால், 'நாட்டினம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவைத் தூக்கியபடி நிற்கிறான். அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு கிலோ அரிசிகூடச் செலவாகாது.