பொறியின் பிழையும் மனிதனின் வினையும்



சென்ற வைகாசிப் பௌர்ணமிக்கு மறுநாள், கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுத் திண்ணையில் ஓர் இளைஞர் வந்து அமர்ந்தார். நம் சங்கக் கூட்டங்களுக்கு வந்துபோகிறவர்தாம். கோயமுத்தூரில் ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். “ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். அது தொழிலைப் பற்றியதா, தம்மத்தைப் பற்றியதா என்பதே எனக்குப் பிடிபடவில்லை” என்று தொடங்கினார். அவர் கேட்டதையும், நான் சொன்னதையும், சொல்லமாட்டாமல் திகைத்ததையும் ஒளிக்காமல் ஈண்டு எழுதுகிறேன்.

ஆலை வாயிலில் தொழிலாளரின் முகத்தைப் படம்பிடித்து வருகையைப் பதியும் பொறி ஒன்று இப்போது வந்திருக்கிறது. நம் காலத்தில் டைம் ஆபீசில் டோக்கன் போட்டோம். இன்று முகமே டோக்கன். அப்பொறி முகத்தை எண்களாக மாற்றி, முன்பே பதிந்து வைத்துள்ள எண்களோடு ஒத்துப்பார்க்கிறது. முழுதும் ஒத்துவருவது என்றுமே கிடையாது. எவ்வளவு ஒத்திருந்தால் ‘இவள்தான் அவள்’ என்று கொள்ளலாம் என்பதற்கு ஓர் எல்லை எண்ணை மனிதன் வைக்க வேண்டும். அவ்வெல்லையை உயர்த்தினால் உண்மையானவளும் விலக்கப்படுவாள். தாழ்த்தினால் ஒருத்திக்காக இன்னொருத்தி நுழையலாம். பிழை இல்லாத எல்லை என்பதொன்று இல்லை. முதலாளியின் தலையில் பிழை விழட்டுமா, தொழிலாளியின் தலையில் விழட்டுமா என்று தீர்மானிக்கும் இடம் அந்த ஓர் எண்.

“அந்த எண்ணை நான் வைக்கவில்லை, ஐயா” என்றார் இளைஞர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் அவர் தொழிலின் தன்மையே மாறிவிட்டதாம். இன்னது வேண்டும் என்று சொன்னால் செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தருகிறது. இவர் படித்துப் பார்த்துச் சரி என்கிறார். எல்லை எண்ணும் அவ்வாறே வந்தது. அதன்மேல் அவர் கண் தங்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஓர் ஆலையிலிருந்து செய்தி வந்தது. இரவு ஷிப்டுக்கு வந்த பெண்கள் சிலரைப் பொறி அடையாளம் காணாமல், வராதவர்கள் என்று எழுதிவிட்டது. கூலி பிடிக்கப்பட்டது. “கருவி எழுதியது, பொறி விலக்கியது, ஆலை பிடித்தது. இவ்வினை யாரைச் சாரும்?” என்பதே அவர் வினா.

நிரல் என்பது பஞ்சாலைக்காரனுக்கு அந்நியமானதன்று. 1804-இல் பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு எந்தப் பாவு இழை எழும்ப வேண்டும் எனத் தறிக்குக் கட்டளையிட்டார். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் கற்பனை செய்த கணக்குப் பொறிக்கு அவ்வட்டை முறையையே எடுத்துக்கொண்டார். அட்டையில் துளை தவறினால் சேலையில் பூ கோணும். அப்போது அட்டையைக் கடிந்துகொள்வார் உண்டோ? துளையிட்டவனையல்லவா தேடுவர்!

ஆனால் இந்தப் புதிய கருவி அட்டையைப்போல் ஊமையன்று, பேசுகிறது. பேசுவதால் அதற்கு மனம் இருப்பதாக மயங்குகிறோம். மனிதர் எழுதிக் குவித்தவற்றைப் பெருமளவில் கற்று, ஒரு சொல்லின்பின் எச்சொல் வருதல் பொருந்தும் என்று கணித்துச் சேர்ப்பதே அதன் தொழில். கூலி போன பெண்ணின் பசி அதற்குத் தெரியாது. ஆலைக்காரனின் ஆதாயமும் தெரியாது. பகவன் புத்தர் வினையை உடலின் அசைவில் வைத்துக் காணாமல், எண்ணத்தில் வைத்துக் கண்டார். எண்ணமற்றதற்கு வினையில்லை. ஆகவே கருவியின்மேல் பழி போட வழியில்லை என்றேன்.

இளைஞர் சளைக்கவில்லை. “எண்ணமே வினையானால், எனக்கும் வினையில்லையே? அப்பெண்களை நான் கண்டதுமில்லை, தீங்கு நினைத்ததுமில்லை. கண்ணிழந்த சக்குபால தேரர் உலவுகையில் அவர் காலடியில் பூச்சிகள் மாண்டன. கொல்லும் எண்ணம் இன்மையால் அவர்மேல் குற்றமில்லை என்று புத்தர் சொன்னதாக நீங்களே சென்ற மாதம் பிரசங்கித்தீர்களே!” என்றார்.

எனக்கு நா எழவில்லை. நூலைத் திருப்பிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு நூலில் ஒன்றும் அகப்படவில்லை. பழைய நினைவு ஒன்றுதான் வந்து நின்றது.

2004-ஆம் ஆண்டு. வாளையாற்றுப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் நான் கோன் வைண்டிங் பகுதிக்கு மேஸ்திரி. ஆலையின் பெயர் வேண்டா. சுற்றிய நூலின் அளவுக்கே பெண்களுக்குக் கூலி. அளவைக் காட்ட மீட்டர் உண்டு. மூணாற்றுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து மறையூர், சின்னாறு, உடுமலை வழியாக வந்து, ஆலை விடுதியில் தங்கியிருந்த பெண்ணொருத்தி ஒரு நாள் என்னிடம் வந்தாள். வயது பத்தொன்பது இருக்கலாம். “அண்ணா, பக்கத்து அக்கா சுற்றுகிற அளவுதான் நானும் சுற்றுகிறேன். எனக்கு மட்டும் கணக்குக் குறைகிறது” என்றாள். மீட்டரைப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. “மீட்டர் பொய் சொல்லாது, அம்மா” என்றேன். மறுவாரமும் வந்து சொன்னாள். அதே விடை. மூன்றாவது முறை அவள் வரவில்லை.

ஐந்து மாதம் சென்றபின் அம்மீட்டரைக் கழற்றிய ஃபிட்டர், உள்ளே ஒரு பல்சக்கரம் தேய்ந்திருப்பதைக் காட்டினார். பத்துக்கு ஒன்பதாக எண்ணி வந்திருக்கிறது. அதற்குள் அவள் கணக்கை முடித்துக்கொண்டு மலைக்குத் திரும்பிவிட்டாள்.

அவள் சுற்றிய கோன்களை நிறுத்திருந்தால் பத்து நிமிஷத்தில் உண்மை தெரிந்திருக்கும். தராசு பத்தடி தூரத்தில் இருந்தது. ஏன் நிறுக்கவில்லை? மீட்டர் பிழையென்று தெரிந்தால் அதை நான் மேலே சொல்ல வேண்டும். இத்தனை நாள் என்ன செய்தாய் என்று என்னைக் கேட்பார்கள். இதை நான் அன்று வாய்விட்டு நினைக்கவில்லை. நினைக்காமலே தராசின் பக்கம் திரும்பாதிருந்தேன். சக்குபாலருக்குக் கண்ணில்லை, எனக்கு இருந்தது. பார்க்க வேண்டாம் என்பதும் ஓர் எண்ணமே. அதற்குத் தேய்ந்த சக்கரம் பொறுப்பேற்குமா?

என் ஒருவன் இழிவென்று இதை ஒதுக்கற்க. இங்கிலாந்தில் 1999 முதல் அஞ்சல் நிலையங்களில் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் வைக்கப்பட்டது. அதன் பிழையால் இல்லாத பற்றாக்குறைகள் ஏட்டில் தோன்றின. நாங்கள் எடுக்கவில்லை என்று நிலையம் நடத்தியவர்கள் கதறினார்கள். பலரிடம், உங்களுக்கு மட்டுந்தான் இப்படி என்றே சொல்லப்பட்டதாம். கணிப்பொறி சரியாகவே இயங்கும் என்று கொள்வது அந்நாட்டு நீதிமன்றங்களின் முறை. 900-க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாயினர். சிலர் சிறை புகுந்தனர். சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2019-இல் உயர் நீதிமன்றம் அம்மென்பொருளின் பிழைகளை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2024-இல் பாராளுமன்றமே சட்டமியற்றித் தண்டனைகளை நீக்கிற்று. ‘எனக்கு மட்டும்’ என்ற அப்பெண்ணின் சொல் எவ்வளவு தூரம் போய் எதிரொலிக்கிறது பாருங்கள்!

நம் நாட்டின் கதையும் வேறன்று. கைரேகை கொண்டு ஆளை அறியும் முறை ஜார்க்கண்டில் நூற்றுக்கு 49, ராஜஸ்தானில் 37 என்ற அளவில் தவறியதாக 2016–17-ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கையிலேயே அச்சாகியிருக்கிறது. கொழுந்து கிள்ளியும் மண் சுமந்தும் தேய்ந்த விரலில் ரேகை எங்கிருந்து வரும்? முகத்தின் கதையோ இன்னும் கொடிது. அமெரிக்காவில் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் பெண் அறிஞர் இருவர் 2018-இல் மூன்று மென்பொருள்களை ஆராய்ந்தனர். முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று சொல்லுவது அவற்றின் வேலை. வெளிர்நிற ஆண்களிடம் அவை நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறவில்லை. கருநிறப் பெண்களிடமோ, ஒரு மென்பொருள் நூற்றுக்கு 34-க்கு மேல் தவறியது. பொறிக்கு நிற வெறுப்பு உண்டோ? இல்லை. அதைப் பழக்கவும் சோதிக்கவும் காட்டிய முகங்களில் கறுத்த முகங்கள் குறைவு. பிறப்பால் விலக்குண்ட நமக்கு, வெறுப்பே இல்லாமலும் ஒருவனை வாயிலில் நிறுத்தலாம் என்பது புதிய பாடம்.

மறு ஞாயிறு இளைஞர் வந்தபோது இவற்றையெல்லாம் சொன்னேன். என் மீட்டர்க் கதையை முதலில் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தம் உள்ளத்தைத் திறந்தார். முன்னெல்லாம் ஒவ்வொரு வரியையும் தாமே எழுதுகையில் எங்கே எது இருக்கிறது என்று கை அறிந்திருந்ததாம். இப்போது வேலை விரைவாக முடிகிறது; மாலையில் ஓய்வும் கிடைக்கிறது; ஆனால் தாம் செய்ததாக எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லையாம். எனக்கு அது விளங்கிற்று. ஆட்டோகோனர் வருமுன் முடிச்சுப் போட்ட பெண்கள், எந்த நூல் நொய்ந்தது என்பதை விரல் நுனியால் சொல்லுவார்கள். இயந்திரம் காற்றால் இழை ஒட்டத் தொடங்கியதும் கைவலி தீர்ந்தது. அந்த அறிவும் போயிற்று. வலி தீர்ந்ததை நான் குறைகூறேன். கை விட்ட இடத்தில் கண்ணாவது இருக்க வேண்டும் என்றே அவரிடம் சொன்னேன்.

அவர் விடுப்பெடுத்து அந்த ஆலை வாயிலில் இரண்டு இரவு நின்றார். தலையில் துண்டு கட்டி, முதுகுப்புறம் டியூப் லைட் எரிய வருகின்ற பெண்களைக் கண்டார். எல்லையைத் தாழ்த்தினார். பொறி விலக்கினால் காவலாளி நோட்டில் பெயர் எழுத வேண்டும், விசாரிக்குமுன் கூலி பிடிக்கலாகாது என்று ஒரு விதியையும் சேர்த்தார். கம்பெனி அதை ஏற்றது. போன மூன்று மாதக் கூலி ஆலையின் விஷயம், நமக்கு அதில் வேலையில்லை என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். ஆயினும் விலக்கப்பட்ட நாட்களைப் பொறியின் பதிவிலிருந்தே பட்டியலிட்டு ஆலைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள், பத்து விழுக்காடே போனஸ் என்ற கணக்கை ஏற்காமல், பெம்பிளை ஒருமை என்று திரண்டு, சாலையில் அமர்ந்து இருபது பெற்றார்கள். அப்போது செய்தித்தாள் படங்களில் அந்த முகம் உண்டோ என்று தேடினேன். தெரியவில்லை. வருகிற ஆவணியில் தேவிகுளத்துக்குப் பிரசங்கம் செய்ய அழைத்திருக்கிறார்கள். அவள் பெயர் நினைவிருக்கிறது. எந்த லயம் என்று தெரியாது. ஐந்து மாதக் கூலியில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, ஓர் உறையில் எடுத்து வைத்திருக்கிறேன்.