யாழ் இல்லாத பதிகம்

திருவேற்காடு என்றாலே கூட்டம் கருமாரியம்மனுக்குத்தான். நான் போனது வேதபுரீஸ்வரர் கோயிலுக்கு. சம்பந்தர் பாடிய தலம். முந்தின ராத்திரி முழுக்கக் காதில் பாக். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அவருடைய 'மத்தேயு பாஷன்', குடல் நரம்பு கட்டிய வயலின்களோடு. பளபளப்பே இல்லாத அந்தக் கரகரப்புதான் என்னை இழுக்குது.

அதே காது சன்னதியில் யாழைத் தேடியது. சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். இன்னைக்கு ஓதுவார்களுக்கு ஹார்மோனியம், அதுவும் ஐரோப்பாவில் பிறந்தது! விபுலாநந்தர் கணக்குப் போட்டு 1947-இல் 'யாழ் நூல்' தந்தும் கோயிலுக்குள் யாழ் திரும்பவில்லை.

இது துரோகமா? பாக்கின் படைப்பு 1829-இல் மெண்டல்சன் கையில் எடுக்கும்வரை ஏறக்குறைய மறந்தே கிடந்தது. வாசிப்பு மரபு அறுந்ததால் அங்கே பழைய கருவியிடம் போய்க் கேட்கிறார்கள். இங்கே கருவி போச்சு, வாய் ஓயவில்லை. எனக்கு இதுதான் பெரிய விசுவாசமாகப் படுது. ஆனாலும் அந்த யாழை ஒருதரம் கேட்கணும்.