சின்னாள் வாழ்ந்தவை

புலம்பெயர்ந்து வாழும் நம் போன்றோர் குடியிருக்கும் தெருக்களில் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவிருப்பதில்லை. நூலகம் என்றும், நாடக மன்றம் என்றும், இளைஞர் கழகம் என்றும் பலகைகள் ஏறுகின்றன. ஈராண்டோ மூவாண்டோ சென்றபின் இறங்கியும் விடுகின்றன. இறங்கிய பலகையைக் காட்டி, "அன்றே சொன்னேனே, இது நிலைக்காது என்று!" எனக் கூறும் பெரியவர் ஒருவர் எந்தத் தெருவிலும் இருப்பார். அவர் கூற்றில் ஒரு வினா மறைந்திருக்கிறது. நெடுநாள் நீடித்தது மட்டுந்தான் நற்செயலா? சின்னாள் வாழ்ந்து மறைந்தது அனைத்தும் வீண்செயலா?

இவ்வினாவை நம்முள் முதலில் எழுப்பியது சமய நூலோ தத்துவ நூலோ அன்று. வளைகோற் பந்தாட்டமாகிய ஹாக்கிதான். அலுவலகக் கோப்புகளோடு மாரடிக்கும் எழுத்தர் ஒருவருக்குத் தத்துவம் இந்த வாயில் வழியாகவும் வரக்கூடும் என்பதை வாசகர் பொறுத்தருள்க.

2005 ஆம் ஆண்டு, இந்திய ஹாக்கி கூட்டமைப்பும் ஒரு விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமும் கைகோத்து 'பிரீமியர் ஹாக்கி லீக்' என்னும் போட்டித் தொடரைத் தொடங்கின. ஐ.பி.எல். கிரிக்கெட் பிறப்பதற்கு மூன்றாண்டு முன்னரே நிகழ்ந்தது இது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். நகரத்தின் பெயரால் அணி, வெளிநாட்டு வீரர், வண்ண உடை, மின்னொளி என எல்லாமே அதில் இருந்தன. ஹைதராபாத் சுல்தான்ஸ், சென்னை வீரன்ஸ், மராத்தா வாரியர்ஸ், ஷேர்-எ-ஜலந்தர் ஆகியவற்றோடு நமது நகரத்தின் பெங்களூர் லயன்ஸும் முதல் நிலையில் ஆடியது. முதலாண்டுப் பட்டத்தை ஹைதராபாத் வென்றது. மறு ஆண்டு வெற்றி பெங்களூருக்கு. 2007 இல் ஒரிசா ஸ்டீலர்ஸ். 2008 இல் மீண்டும் நம் நகரம், அப்பொழுது 'பெங்களூர் ஹை-பிளையர்ஸ்' என்னும் புதுப்பெயரோடு. நான்கு பட்டங்களில் இரண்டு இந்நகருக்கு வந்தன. அதன்பின் அப்போட்டியே இல்லை.

ஏன் இல்லை? 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்ற இந்திய அணி, பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவில்லை. 1928 முதல் அறுபடாதிருந்த தொடர்ச்சி அறுபட்டது. அடுத்த மாதமே, வீரர் தேர்வுக்குக் கையூட்டுப் பெற்றதாக எழுந்த குற்றச்சாட்டையொட்டி, இந்திய ஒலிம்பிக் சங்கம் அக்கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. வீடே இடிந்து விழுந்தபின் திண்ணையில் கடை விரிப்பவர் யார்?

2012 இல் இன்னொரு முயற்சி எழுந்தது. பெயர் 'வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி'. பிப்ரவரி 29 ஆம் நாள் தொடங்கி ஏப்ரல் 2 ஆம் நாள் முடிந்தது. எட்டு அணிகள், நமக்குக் கர்நாடக லயன்ஸ், சென்னைக்குச் சென்னை சீட்டாஸ். நாலாண்டுக்கு ஒருமுறை வரும் நாளில் தொடங்கிய அத்தொடர் ஒரே ஆண்டோடு முடிந்தது வேடிக்கையே.

அந்த மார்ச் மாத மாலை ஒன்றில், அலுவலகம் விட்டதும் சாந்திநகர் ஹாக்கி அரங்கின் படிக்கட்டில் நாம் அமர்ந்திருந்தோம். பக்கத்தில் குடகிலிருந்து வந்த முதியவர்கள்; பின்வரிசையில் தமிழும் கன்னடமும் கலந்து கூவிய இளைஞர்கள். களத்தில் நமது அணியின் உடையில் நின்றவர் தன்ராஜ் பிள்ளை. அவருக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. புனேயை அடுத்த கட்கியில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்து, மைதானம் பராமரிக்கும் தொழிலாளியின் மகனாக வளர்ந்து, ஒடிந்த மட்டைகளை ஒட்டிக் கட்டி ஆடக் கற்று, நான்கு ஒலிம்பிக் கண்டவர். 1998 இல் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை அவர் தலைமையில் வென்று வந்த பின்னரும் அணியிலிருந்து நீக்கப்பட்டவர். பந்து அவர் மட்டையில் பட்ட போதெல்லாம் அரங்கு எழுந்து நின்றது. அவர் கால்கள் பழைய விரைவில் ஓடவில்லை; ஆனால் பந்து எங்கே வரும் என்பதை அவர் கண்கள் முன்னரே அறிந்திருந்தன. அந்த மாலை வீண் என்று எவரேனும் சொன்னால் நாம் ஒப்பமாட்டோம்.

அமெரிக்கரின் பேஸ்பால் வரலாறும் இவ்வாறே தொடங்கியது. 1871 இல் தோன்றிய அவர்களது முதல் தொழில்முறைக் கழகம் 1875 இல் மடிந்தது. பருவத்தின் நடுவிலேயே காணாமற்போன அணிகள் அதில் உண்டு. ஆயினும் அதன் சாம்பலிலிருந்து 1876 இல் எழுந்த நேஷனல் லீக் இன்றுவரை நிற்கிறது. முந்தியது மடியாமற் பிந்தியது பிறந்திருக்குமா என்பது ஐயமே.

நம் பிரீமியர் ஹாக்கி லீக்கும் ஒன்றை விட்டுச் சென்றது. முப்பத்தைந்து நிமிடம் கொண்ட இரண்டு பாதிகளாக ஆடப்பட்ட ஆட்டத்தை, பதினேழரை நிமிடம் கொண்ட நான்கு கூறுகளாக அது பிரித்தது. தொலைக்காட்சி விளம்பரத்துக்காக ஆட்டத்தையே கூறு போடுகிறார்கள் என்று அன்று நாமும் ஏசினோம். 2014 இல் உலக ஹாக்கிக் கூட்டமைப்பே பதினைந்து நிமிடம் கொண்ட நான்கு கூறுகளைத் தன் போட்டிகளுக்கு விதியாக்கிற்று. இதைப் பார்த்துத்தான் அதைச் செய்தார்கள் என்று நாம் வாதிட வரவில்லை. ஆனால் ஏசப்பட்ட ஒன்று ஒன்பதாண்டில் இயல்பாகிவிட்டது. ஏசியவர் அதை மறந்தும் விட்டோம்.

ஆகவே 'நிலைக்காதது வீண்' என்னும் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. வள்ளுவர் நிலையாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நில்லாத உலகில் முயல்வதே பிழை என்று அவர் கருதியிருப்பின் பிந்தியதை எழுதியிரார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் கட்டுரை இனிதாக முடிந்திருக்கும். ஆயின் மறுபக்கமும் உண்டு. 2012 தொடரை நடத்தியோருக்கும், தேசிய அணியைத் தேர்வு செய்யும் அமைப்புக்கும் இடையே அதிகாரப் போட்டி நிலவியது. அங்கீகாரமற்ற தொடரில் ஆடினால் தேசிய அணியில் இடமில்லை என்ற அச்சுறுத்தலை மீறித்தான் பல வீரர் ஆட வந்தனர். தொடர் முடிந்தபின், பேசிய ஊதியம் முழுமையாகக் கைக்கு வரவில்லை என்று அவர்களிற் பலர் வெளிப்படையாகக் கூற நேர்ந்தது. இரண்டாம் தொடர் தள்ளிவைக்கப்பட்டது, பின்னர் நடக்கவேயில்லை. 2013 இல் 'ஹாக்கி இந்தியா லீக்' பிறந்து, 2017 இல் நின்று, 2024 டிசம்பரில் மீண்டும் எழுந்தபோது, அந்த இளைஞரிற் பலருக்கு ஆடும் வயதே கடந்திருந்தது.

இங்கேதான் அறத்தின் கேள்வி மாறுகிறது. ஒரு முயற்சி எத்தனை நாள் வாழ்ந்தது என்பதை விட, அது மறைந்தபோது அதை நம்பி வந்தவரின் கணக்கு எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதே கேட்கத் தக்கது. மழை பொய்த்தால் உழவன் குற்றவாளி ஆகான். கூலிக்கு வந்தவரை வரப்பில் நிறுத்திவிட்டு ஊரை விட்டுப் போனால் ஆவான்.

குடகுமலையில் இதற்கு மாறான ஒரு காட்சி உண்டு. 1997 இல் கரடா என்னும் ஊரில், பாண்டண்ட குட்டப்பா என்பவரின் முயற்சியால், கொடவக் குடும்பங்கள் அறுபது தத்தம் குடிப்பெயரால் அணி அமைத்து ஹாக்கி ஆடின. ஆண்டுதோறும் வேறொரு குடும்பம் பொறுப்பேற்கிறது. அவ்வாண்டு விழா அக்குடும்பத்தின் பெயரையே தாங்குகிறது. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஆடுகின்றன. எந்த ஒரு குடும்பத்தின் பொறுப்பும் ஓராண்டுக்கு மேல் இல்லை; ஆனால் கணக்கை முடித்து அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டே விலகுகிறார்கள். சாந்திநகர் அரங்கில் நம் அருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் இதைச் சொல்லிவிட்டு, "எங்கள் முறை எப்போது வருமோ" என்று சிரித்தார்.

அச்சிரிப்பு நம்மைச் சுட்ட காரணத்தை இனி மறைப்பதற்கில்லை. 2009 இல் நாமும் நண்பர் மூவரும் நம் குடியிருப்பில் சனிக்கிழமைதோறும் ஒரு தமிழ் வகுப்பு நடத்தத் தொடங்கினோம். வாடகைக்கு ஓர் அறை, ஒரு கரும்பலகை, இருபத்தேழு பிள்ளைகள். காலாண்டுக்கு 150 ரூபாய் கட்டணம். நண்பரில் இருவர் மாற்றலாகிச் சென்றனர். வாடகை உயர்ந்தது. பிள்ளைகள் பதினொருவராகக் குறைந்தனர். 2012 சூலையில் மூடினோம். மூடியதற்கு நாம் நாணவில்லை. ஆனால் வீடு வீடாகச் சென்று சொல்ல மனம் கூசி, தானாகத் தெரிந்துவிடும் என்று இருந்துவிட்டோம். அந்தக் காலாண்டுக் கட்டணத்தையோ முன்னரே வாங்கியிருந்தோம்.

சென்ற ஆண்டு அல்சூர் ஏரிக்கரையில் நம் சங்கத்து விழாவில் ஓர் இளைஞர் வணங்கி நின்றார். தம் பாட்டியாருக்கு ஊரிலிருந்து வரும் மடல்களைத் தாமே படித்துக் காட்டுவதாகச் சொன்னார். எழுத்து எங்கே கற்றீர் என்று வினவினோம்.

"உங்களிடந்தான், மாமா. மூன்றாம் புத்தகம் வரைக்கும். ஒரு சனிக்கிழமை வந்தேன், பூட்டியிருந்தது. அடுத்த வாரமும் வந்து பார்த்தேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை, நிகழ்ந்ததைச் சொன்னார். அன்று மாலையே பழைய பெயரேட்டைத் தேடி எடுத்தோம். ஏழு வீடுகளைக் கண்டுபிடித்துக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வாங்க மறுத்த ஓர் அன்னையாரிடம் வற்புறுத்திக் கொடுத்தோம். நான்கு குடும்பங்கள் எங்கே பெயர்ந்தன என்று தெரியவில்லை. அவர்களுக்குரிய 600 ரூபாயைத் தனியாக ஓர் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் இட்டிருக்கிறோம். இம்மலர் அவர்கள் கைக்கும் போய்ச் சேரக்கூடும் என்பதனால், பெயரேட்டில் உள்ளவாறே இங்குக் குறிக்கிறோம்: சனிக்கிழமை வகுப்பு, 2012, இரண்டாம் வரிசைப் பிள்ளைகள் மூவர், முதல் வரிசையில் சன்னலோரம் அமர்ந்த சிறுமி ஒருத்தி.