ஒளிக்காத தோல்வி



மார்ச் மாதம் பிறந்தால் அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துக் காய்ச்சல் தொற்றிக்கொள்ளும். நாடெங்கிலுமிருந்து ஆண்கள் அணிகளைத் தேர்ந்தெடுத்து, தேசியப் பட்டத்துக்காக மோதவிடுவார்கள். நான்கு பிரிவுகள், ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை தரவரிசை. முதல் சுற்றில் முதலிடத்து அணியோடு பதினாறாம் இடத்து அணி மோத வேண்டும். தோற்றவர் அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். 1985இலிருந்து அப்படி 135 ஆட்டங்கள் நடந்திருந்தன. அத்தனையிலும் வென்றது முதலிடத்து அணியே.

2018 மார்ச் 16 இரவு அந்தக் கணக்கு உடைந்தது.

சார்லட் நகரில் நடந்த ஆட்டம் அது. ஒரு பக்கம் வர்ஜீனியா பல்கலைக்கழகம். அந்தப் பருவத்தில் ஆடிய 33 ஆட்டங்களில் 31 வெற்றி. போட்டிக்கு வந்த எல்லா அணிகளிலும் முதல் இடம். எதிரே, பதினாறாம் இடத்து அணியாக, பால்டிமோர் கவுண்டியில் உள்ள மேரிலாந்து பல்கலைக்கழகம். செஸ் அணிக்குப் பேர்போன கல்லூரி அது. பாதி ஆட்டம் முடிந்தபோது இரண்டு பக்கமும் 21 புள்ளிகள். அதன் பிறகு நடந்ததை யாராலும் நம்ப முடியவில்லை. எதிரணிக்கு ஒரு முழு ஆட்டத்தில் சராசரியாக 54 புள்ளிகள்தான் விட்டுக்கொடுத்த வர்ஜீனியா, அன்று இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. முடிவு 74–54. இப்படித் தோற்ற முதல் முதலிட அணி என்ற பெயர் அவர்கள் மேல் ஒட்டிக்கொண்டது.

சாக்குச் சொல்ல வழி இருந்தது. அணியின் முக்கிய ஆட்டக்காரர் டிஆண்ட்ரே ஹன்டர், மணிக்கட்டு முறிந்து அன்று ஆடவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்த சூட்டிலேயே மைக்கை நீட்டியபோது பயிற்சியாளர் டோனி பென்னட் சொன்னது, அவர்கள் எங்களை முற்றாக விஞ்சிவிட்டார்கள் என்பதுதான்.

இருபது வயதுப் பிள்ளைகள் நாடு முழுவதும் கேலிக்கு ஆளானால் என்ன செய்வார்கள்? படங்களை அழிப்பார்கள், பேச்சை மாற்றுவார்கள். கைல் கை என்ற ஆட்டக்காரர் வேறு மாதிரி செய்தார். எதிரணி துள்ளிக் குதித்துக் கொண்டாட, தான் உடைந்து நிற்கும் புகைப்படம் ஒன்றை எடுத்து, சமூக ஊடகத்தில் தன் முகப்புப் படமாகவே வைத்துக்கொண்டார். பென்னட்டும் தோல்வியைப் பற்றிய பேச்சைத் தடுக்கவில்லை. கதைசொல்லி டொனால்ட் டேவிஸின் உரையொன்றில் கேட்ட கருத்தைப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்: துன்பத்தைச் சரியாகக் கையாளத் தெரிந்தால், வேறெந்த வழியிலும் போக முடியாத ஓர் இடத்துக்கு அது நம்மைக் கொண்டுபோகும்.

ஓராண்டு கழிந்தது. 2019 மார்ச்சில் வர்ஜீனியா மறுபடியும் முதலிடத்து அணி. எதிரே மறுபடியும் ஒரு பதினாறாம் இடத்து அணி, கார்ட்னர்-வெப். முதல் பாதியில் வர்ஜீனியா 14 புள்ளிகள் பின்தங்கியது. அரங்கத்தில் இருந்தவர்களுக்குப் போன வருடம் நினைவுக்கு வராமல் இருந்திருக்குமா? ஆனால் அந்தப் பிள்ளைகள் அந்தப் பயத்தோடு ஒரு வருடம் குடித்தனம் நடத்தியவர்கள். பதறவில்லை. பழகிய தங்கள் ஆட்டத்தையே ஆடி 71–56 என்று வென்றார்கள்.

அரையிறுதி மினியாபொலிஸில். ஆபர்ன் அணிக்கு எதிராக இரண்டு புள்ளிகள் பின்தங்கிய நிலை. மிச்சம் இருந்தது 0.6 விநாடி. அப்போது எதிரணி செய்த தவறால் ஒருவருக்கு மூன்று ஃப்ரீ த்ரோ கிடைத்தது. யாரும் மறிக்காமல் கூடையைப் பார்த்து மூன்று முறை எறியலாம். எறிய நின்றவர், தோல்விப் படத்தை முகப்பில் வைத்திருந்த அதே கைல் கை. எழுபதாயிரம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றும் கூடைக்குள் விழுந்தன. 63–62. அந்த நேரத்தில் பயந்துபோயிருந்தேன் என்று அதையும் ஒளிக்காமல் பின்னர் சொன்னார். ஏப்ரல் 8 அன்று இறுதி ஆட்டத்தில் டெக்சஸ் டெக் அணியைக் கூடுதல் நேரத்தில் 85–77 என வென்றார்கள். போன வருடம் ஆட முடியாத ஹன்டர் அன்று 27 புள்ளிகள் எடுத்தார். கூடைப்பந்தில் வர்ஜீனியாவுக்கு அதுவே முதல் தேசியப் பட்டம்.

தோற்றவன் ஒருநாள் ஜெயிப்பான் என்று இந்தக் கதையை முடித்துவிடுவது சுலபம். அது உண்மையாகாது. அந்த மூன்று எறிதலில் இரண்டு தவறியிருந்தால் பட்டம் இல்லை. தோற்ற எத்தனையோ அணிகளுக்கு அடுத்த வருடமும் தோல்விதான் கிடைத்தது. கோப்பை நம் கையில் இல்லை. கோப்பை வராமல் போயிருந்தாலும் அந்தப் பிள்ளைகள் ஒன்றைச் சம்பாதித்திருந்தார்கள்: தங்கள் தோல்வியை யார் எடுத்துச் சொன்னாலும் குன்றிப்போகாத மனம். தானே எடுத்து வெளியில் வைத்துவிட்டதை வைத்து ஒருவரை யாரும் மிரட்ட முடியாதே.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிளஸ் டூ முடிவு வந்த அன்று, மதிப்பெண் குறைந்த பிள்ளையைச் சொந்தக்காரர் வரும்போது உள்ளறைக்கு அனுப்புகிறோம். கடையை மூடியவர் தெருவை மாற்றி நடக்கிறார். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கவலை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று பெரியவர்கள் சும்மாவா கேட்டார்கள்? ஊர் பேசும், ரெண்டு நாளில் வேறொன்றைப் பேசப் போய்விடும். ஒளித்து வைத்தவரோ வருடக்கணக்கில் காவல் காத்துக்கொண்டிருப்பார். அந்தக் காவலுக்குச் செலவாகும் தெம்பில் அடுத்த முயற்சியையே தொடங்கிவிடலாம்.

தோல்வியை எல்லாரிடமும் தண்டோரா போட வேண்டியதில்லை. மனைவியிடம், கணவரிடம், அண்ணனிடம், நம்பிக்கையான ஒரு நண்பரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். மதிப்பெண் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால், வருகிற விருந்தாளி முன் அவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கேட்டால், இந்த முறை குறைந்துவிட்டது என்று நீங்களே சொல்லுங்கள். அடுத்த முறை அவன் ஜெயிப்பானா என்பது அப்புறம். தோற்ற அன்றும் தன் பக்கத்தில் வீடு நின்றது என்பதை அவன் இன்றைக்கே தெரிந்துகொள்வான்.