மரத்துக்கு எது சொந்த மண்?

மைசூரிலிருந்து கிருஷ்ணராஜசாகர் அணைக்குப் போகும் சாலையில், மேட்டகள்ளியில் ஒரு பெரிய டயர் ஆலை இருக்கிறது. விக்ராந்த் என்ற பெயரில் தொடங்கி, 1997இல் ஜே.கே. டயர் நிறுவனத்தின் கைக்குப் போன ஆலை. லாரி டயர் ஓடும்போது ஏறும் சூட்டைத் தாங்க இயற்கை ரப்பர் கணிசமாக வேண்டும். ஆனால் ஊரைச் சுற்றிக் கரும்பும் ராகியும் மல்பெரியும்தான் விளைகின்றன, ரப்பர் இல்லை. இங்கே ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பெய்யும். ரப்பருக்கு 2,000 மில்லிமீட்டராவது வேண்டும், அதுவும் ஆண்டு முழுக்கப் பரவிப் பெய்ய வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை காய்ந்து கிடக்கும் மைசூர் மண் அந்த மரத்துக்கு ஆகாது.

ஆகாத மண்ணை ஆகும் மண்ணாக்க முடியுமா என்பது இன்று ரப்பர் வாரியத்தின் முக்கியமான கவலை. இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டரை லட்சம் டன் இயற்கை ரப்பர் உற்பத்தி செய்கிறது. செலவழிப்பதோ 14 லட்சம் டன்னை ஒட்டி. கேரளமும் கன்னியாகுமரி மாவட்டமும் மரபான ரப்பர் பகுதிகள். அங்கே புதிதாக நட இடமில்லை. அதனால் 2021இல் வடகிழக்கு மாநிலங்களிலும் மேற்கு வங்கத்திலுமாக இரண்டு லட்சம் ஹெக்டேரில் ரப்பர் நடும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் தருவதாக நான்கு டயர் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. மைசூரில் ஆலை வைத்திருக்கும் நிறுவனம் அவற்றில் ஒன்று.

மரம் வளருமா, பால் எப்போது கிடைக்கும், விலை கட்டுமா என்பவை வேளாண் கேள்விகள். அவற்றுக்கு வல்லுநர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். அவற்றுக்கு அடியில் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது: நிலத்துக்கென்று ஓர் இயல்பு, ஓர் அறம் உண்டா? வெளியிலிருந்து கொண்டுவந்து நடுவது அதை மீறுவதாகுமா?

தமிழ் மரபு இதை வெகு காலத்துக்கு முன்பே யோசித்திருக்கிறது. திணைக் கோட்பாட்டில் ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய கருப்பொருள்கள் உண்டு: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில். குறிஞ்சிக்கு முருகனும் தினையும், முல்லைக்கு மாயோனும் வரகும். இதை மட்டும் படிப்பவருக்கு நிலத்தைச் சுற்றி வேலி போட்டுவிட்டதாகத் தோன்றும். தொல்காப்பியர் வேலி போடவில்லை. ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் வேறொரு நிலத்தில் வந்தால், வந்த நிலத்தின் பொருளாகவே அவற்றைக் கொள்ளலாம் என்று அவர் இடம் கொடுக்கிறார். பிறந்த மண்ணை வைத்து எதையும் விலக்கிவிடக் கூடாது என்பது இலக்கணத்திலேயே இருக்கிறது.

ரப்பர் மரத்தின் கதை இதற்கு ஒருபடி மேலே போகிறது. அதன் தாயகம் அமேசான். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை அங்கிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம். அவற்றில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கையின் ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் இந்தியாவின் முதல் வணிகத் தோட்டம் போடப்பட்டது. ஆக, கோட்டயத்துக்காரருக்கும் குலசேகரத்துக்காரருக்கும் ‘மரபான’ பயிராகிவிட்ட ரப்பர் இங்கே வந்து ஒன்றேகால் நூற்றாண்டுதான் ஆகிறது.

அந்த மரம் தன் சொந்த மண்ணில் தோட்டப் பயிராக நிலைக்கவில்லை என்பதுதான் விந்தை. 1928இல் கார் அதிபர் ஹென்றி ஃபோர்டு அமேசானில் ஃபோர்டுலாந்தியா என்று ஓர் ஊரையே உருவாக்கி, வரிசை வரிசையாக ரப்பர் நட்டார். இலைக்கருகல் பூஞ்சை இறங்கியது. மரம் மரத்தோடு உரசி நின்றதால் நோய் தடையில்லாமல் பரவியது. 1945இல் நிலத்தைப் பிரேசில் அரசுக்கே விற்றுவிட்டு ஃபோர்டு நிறுவனம் வெளியேறியது. பிறந்த காட்டில் ரப்பர் ஹெக்டேருக்கு ஒரு சிலவாக, நூறு வகை மரங்களுக்கு நடுவே நிற்கும். ஒன்றை நோய் பிடித்தால் அடுத்தது வெகு தொலைவில் இருக்கும். ஆசியத் தோட்டத்தில் ஹெக்டேருக்கு 400க்கும் மேல் நிற்கிறது. அந்தப் பூஞ்சை இன்னும் கடல் தாண்டி வராததால்தான் அது தப்பிக்கிறது.

அப்படியானால் சொந்த மண் என்பது வெறும் மண் அல்ல. மரம் யாரோடு சேர்ந்து நிற்கிறது என்பதும் அதில் அடக்கம். திணையிலும் தெய்வம் முதல் தொழில் வரை எல்லாம் சேர்ந்துதான் ஒரு நிலத்தை அந்த நிலமாக்குகின்றன.

இந்த இடத்தில் மைசூர்ப் பகுதியின் சமய வரலாறு உதவிக்கு வருகிறது. நகரத்துக்கு வடக்கே மேல்கோட்டை. சோழநாட்டை விட்டு வெளியேறிய இராமானுசர் போசள மண்ணில் பல ஆண்டுகள் தங்கிய தலம். வைணவத்தின் தமிழ் மரபு அங்கே புதிதாக நடப்பட்ட பயிர். திருநாராயணன் சந்நிதியில் இன்றும் திவ்யப்பிரபந்தம் தமிழில் ஒலிக்கிறது. மண்டயம் ஐயங்கார்கள் வீட்டில் இன்றும் தமிழ் பேசுகிறார்கள். வந்தவர் அங்கே இருந்தவர்களை என்ன செய்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களைத் ‘திருக்குலத்தார்’ என்று அழைத்து, குறிப்பிட்ட நாட்களில் கோயிலுக்குள் வர வழி செய்தார் என்பது மேல்கோட்டை மரபு. அவருடைய தத்துவமும் அதற்கு ஒத்ததே. உயிருள்ளவை, உயிரற்றவை அனைத்தும் இறைவனுக்கு உடல். உடலின் ஓர் உறுப்பு இன்னோர் உறுப்பைத் தின்று கொழுத்தால் அது வளர்ச்சி ஆகாது. நிலத்துக்கு மனிதன் முழு உடைமையாளன் என்ற எண்ணத்துக்கும் அந்தத் தத்துவத்தில் இடமில்லை.

காபியையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். ஏமனிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படும் சூஃபி ஞானி பாபா புடானின் பெயரில்தான் சிக்கமகளூர் மலை இருக்கிறது. அங்கே இந்துக்களும் முஸ்லிம்களும் வணங்குகிறார்கள். காபியும் குடகில் தேவரகாடுகள் எனப்படும் கோயில் காடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியது உண்மை. ஆனாலும் நிழல் இல்லாமல் காபியை இங்கே வளர்ப்பது கடினம். பலாவும் அத்தியும் நின்றன, அவற்றில் பறவைகளும் இருந்தன. ரப்பர் தோட்டத்தில் நிழல் தருவதும் ரப்பரே. சீனாவின் ஷிஷுவாங்பன்னாவில் தாய் இன மக்களின் புனித மலைக்காடுகள் பல ரப்பருக்காகச் சுருங்கின. தென்கிழக்கு ஆசியாவில் 1993க்குப் பிறகு ரப்பரால் மட்டும் 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல் காடு அழிந்ததாக 2023இல் ‘நேச்சர்’ இதழில் வந்த செயற்கைக்கோள் ஆய்வு கணக்கிட்டது. அதே மரம் பிரேசிலின் ஆக்ரே மாநிலத்தில் காட்டுக்குக் காவலாக இருந்தது. காட்டு ரப்பர் மரங்களில் பால் எடுத்துப் பிழைத்த சீக்கோ மென்டஸ் மாட்டுப் பண்ணைக்காரர்களை எதிர்த்து நின்று, 1988 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மரத்தில் குற்றமில்லை. காட்டோடு நிற்கிறதா, காட்டை நீக்கிவிட்டு நிற்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

மனிதர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் பகுதிகளில், மாநில வனவளர்ச்சிக் கழகத்தின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். பால்வெட்டு லேசான வேலை இல்லை. விடியும் முன்பே, பட்டைக்குள் பாலின் அழுத்தம் குறையுமுன் மரத்தடியில் நிற்க வேண்டும். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் அரைச்சுற்றுச் சரிவில், ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் பட்டைச் சீவல் மட்டும் விழ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் உள்ளே இருக்கும் வளர்படலம் புண்பட்டு முண்டு கட்டிவிடும். பிறகு அந்த இடத்தில் சீராக வெட்ட முடியாது. சரியாக வெட்டினால் பட்டை மறுபடி வளரும். சிரட்டையில் சொட்டியது பால், வெட்டுக்கோட்டில் உறைந்தது ஒட்டுப்பால். இரண்டுக்கும் தனித்தனி விலை. மரமும் இந்த மனிதர்களும் இலங்கை வழியாக வந்தவர்கள்தான். மரம் எந்தச் சான்றும் காட்டாமல் ஊன்றிக்கொண்டது. மனிதர்களோ சாதிச் சான்றிதழுக்கே பல ஆண்டுகள் அலைந்தார்கள். நடுகிறவர்கள் மரத்துக்கு இடம் தேடிய அக்கறையில் பாதியையாவது அவர்களுக்குக் காட்டியிருக்கலாம்.

நிலத்தை மாற்ற முடியாவிட்டால் மரத்தையே மாற்றிவிடலாம் என்பது அடுத்த கட்டம். 2021 ஜூனில் குவாஹாட்டி அருகே சருதாரியில், மரபணு மாற்றிய ரப்பர் கன்றுகள் சோதனைக்காக நடப்பட்டன. குளிரையும் வறட்சியையும் தாங்குவதற்காக, ரப்பரின் சொந்த மரபணு ஒன்றின் படிகளைப் பெருக்கி அதற்குள்ளேயே சேர்த்திருக்கிறார்கள். கோட்டயம் ஆய்வு நிலையத்தில் உருவானவை இவை. சோதனை வென்றால், 800 மில்லிமீட்டர் மழையே போதும் என்று ஒரு ரகம் நாளை வரலாம். மைசூரின் வறண்ட தாலுகாக்களிலும் அப்போது ‘இங்கே ஏன் நடக்கூடாது?’ என்று கேட்பார்கள். நஞ்சன்கூட்டுக் கருங்களிமண்ணில் விளைந்தால்தான் தனி மணம் வரும் என்று புவிசார் குறியீடு பெற்ற ரசபாளே வாழை, வாடல் நோயால் ஏற்கெனவே சில தோட்டங்களுக்குள் ஒடுங்கிவிட்டது. மண்ணுக்கும் விளைச்சலுக்கும் உள்ள பந்தத்தைச் சட்டமே ஒப்புக்கொண்ட பயிர் அது. அதைக் காக்கச் செலவிட்ட பிறகே புதிய மரத்தைப் பற்றிப் பேசலாம்.

வடகிழக்கில் ரப்பரே கூடாது என்பது நியாயமாகாது. திரிபுராவில் 1963இல் மண் அரிப்பைத் தடுக்க வனத்துறை நட்ட மரம், பிறகு ஜூம் எனப்படும் இடம்மாற்றுச் சாகுபடி செய்த பல பழங்குடிக் குடும்பங்களுக்கு நிலையான வருமானமானது. கேரளத்துக்கு அடுத்து நாட்டிலேயே அதிக ரப்பர் இன்று அங்கேதான். ஆனால் இரண்டு லட்சம் ஹெக்டேர் என்ற இலக்கு, கண்ணை மூடிக்கொண்டு எட்டக்கூடிய இலக்கு அல்ல. மீண்டும் காடாகிக்கொண்டிருக்கும் ஜூம் தரிசும் ஊரார் தெய்வக் காடும் கணக்கில் ‘வெற்று நிலம்’ என்று ஏறிவிடக் கூடாது. கிராம சபையின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாத இடத்துக்கு மானியம் தரக் கூடாது. ரப்பர் வரிசைகளுக்கு நடுவே உள்ளூர் மரங்களுக்கும் ஊடுபயிருக்கும் ஒரு பங்கு நிலம் கட்டாயமாக ஒதுக்கப்பட வேண்டும். இந்த மூன்றையும் ரப்பர் வாரியமும் பணம் தரும் டயர் நிறுவனங்களும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும்; எழுதாத வரை அந்தத் திட்டத்தை வளர்ச்சி என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.